கரண்ட் வைத்து முடிந்த பிறகு வா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வருவதாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். தொலைபேசியில் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குக் குரல் எழவில்லை என்பதால் எழுதுகிறேன். புற்றுநோய் வந்த குரல்வளையை அறுத்தெடுக்காமல் காப்பாற்றுவதற்காகத்தான், கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சையும் வாராந்திரக் கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். கதிர் பட்ட இடம் உள்ளே வீங்கியிருப்பதால் குரல் அடைத்திருக்கிறதே தவிர, நோய் கூடியதால் அல்ல என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆகவே நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். கடைசி கரண்ட் வைத்து முடித்து நாங்கள் கும்பகோணம் திரும்பும் வாரத்திலிருந்து உன் விடுப்பை எடுத்துக்கொள். அப்போதுதான் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாரத்துக்கு 5 நாட்கள், 7 வாரங்கள், மொத்தம் 35 முறை என்று கணக்கு. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை போன்ற முகமூடியை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வலி எதுவும் இல்லை. வலி எல்லாம் பின்னால்தான் வருகிறது. கதிரின் தாக்கம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போவதால், வாயிலும் தொண்டையிலும் உண்டாகும் புண் கடைசி வாரத்திலும் சிகிச்சை முடிந்த அடுத்த இரண்டு வாரங்களிலும்தான் மிகவும் கடுமையாக இருக்குமாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கிய இந்த அடையாறு மருத்துவமனையில், எடை பார்க்கவும் புண்ணைப் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்; நாங்கள் தங்கியிருக்கும் அறைக்கு வந்தால் இதே சிகிச்சையில் இருக்கும் பக்கத்து அறைக்காரர் இருக்கிறார். ஊருக்குப் போனால் இவர்களில் ஒருவரும் இல்லை. 'சிகிச்சை முடிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை' என்று உறவினர்கள் வாழ்த்திவிட்டுக் கிளம்பும் அந்த நாட்களில்தான் என்னால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இருக்கும். உன் அம்மாவும் தனியாக இருப்பாள்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காலையிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், முட்டை கலந்த பால் என்று மாற்றி மாற்றிச் செய்து கொண்டுவருகிறாள். எதைக் குடித்தாலும் எனக்கு மண்ணைக் கரைத்துக் குடிப்பதுபோல்தான் இருக்கிறது. நான் தம்ளரைக் கீழே வைத்ததும் தன் சமையலில்தான் குறை என்று எண்ணிக் கலங்குகிறாள். நாக்கின் சுவை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம் என்பதையும், நான் மறுப்பது உணவை அல்ல, வலியை என்பதையும் நீ வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் எழுதிக் காட்டினால் அழுகிறாள்.

இப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதில் உணவு செலுத்தும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்காவது படுக்கக் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் அம்மா நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். உன்னிடம் நான் கேட்பது வேறு. குழாய் இருக்கிறது என்பதற்காக விழுங்குவதை அடியோடு நிறுத்திவிட்டால் தொண்டைத் தசைகள் இறுகி, புண் ஆறிய பிறகும் விழுங்க முடியாமல் போகக்கூடும் என்று விழுங்கு பயிற்சி தரும் பெண்மணி எச்சரித்திருக்கிறார். அதனால் புரையேறாத வரைக்கும் தினமும் பலமுறை ஒரு வாய்த் தண்ணீராவது விழுங்க வேண்டும். அவர் கற்றுத் தந்த பயிற்சிகளைச் செய்ய வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது நான் முடியாது என்று கைகாட்டுவேன். நீ கோபிக்காமலும் கெஞ்சாமலும், வலி மருந்து கொடுத்துச் சற்று நேரம் பொறுத்து, மறுபடி தம்ளரை நீட்ட வேண்டும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வைப்பதும் உன் பொறுப்பு. மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டாலோ, இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, என்னைக் கேட்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போ. நான் நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

நான் பேச முயலும்போது, சொல்ல வந்ததை நீங்களாகவே ஊகித்து முடித்துவிடாதீர்கள். கிசுகிசுப்பாகப் பேசுவதும் குரலுக்கு நல்லதில்லை என்பதால் மெல்லிய குரலில் ஒன்றிரண்டு சொற்கள்தான் சொல்வேன். அவை வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தால் போதும்.

பேரனை அங்கேயே விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். என் உடம்பிலிருந்து கதிர் அவன்மேல் படும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மை அல்ல. எனக்கு வெளியிலிருந்துதான் கதிர் செலுத்துகிறார்கள். கருவியை நிறுத்தியதும் அது நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்குவதில்லை. கீமோவினால் எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், அவனுக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவனை என் மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். கட்டாயம் அழைத்து வா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் சித்தப்பாவுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகக் குரல் கம்மியிருக்கிறது. பனங்கற்கண்டைப் போட்டுக்கொண்டு, பீடியையும் விடாமல் திரிகிறான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே கருவி விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். என் பேச்சைக் கேட்காவிட்டாலும் உன் பேச்சைக் கேட்பான். இன்றே அவனைக் கூப்பிட்டுப் பேசு.

நோய் போய்விட்டதா என்று தெரிய, சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரங்கள் கழித்துப் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன்பு எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் நோய்போலவே தெரியக்கூடுமாம். அதுவரை அம்மாவிடம் தினமும் முடிவைக் கேட்காதே. அவளிடமும் பதில் இல்லை. இன்று எத்தனை வாய்த் தண்ணீர் விழுங்கினார் என்று கேள், அதற்குப் பதில் இருக்கும்.

பயணத் தேதியை மாற்றியதும் அம்மாவிடம் சொல்லிவிடு. கும்பகோணம் வீட்டில் கீழறையைக் குழந்தைக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்யச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா