கணினியா, கன்சோலா? பெட்டியின் விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் விளையாடுவதற்குக் கணினி வாங்குவதைவிட, டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியான கன்சோல் வாங்குவதே சிக்கனம், தொல்லையும் இல்லை என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பெற்றோர் சிலர் என் மேசைக்கே வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். குடியிருப்பது அல்சூரில். கணினியும் வருகிறது, கன்சோலும் வருகிறது. இரண்டையும் திறந்து பார்த்துத்தான் சோறு தின்கிறேன். அந்த வாசகரின் முடிவு, படிக்கிற பிள்ளையும் ஒரே ஒரு சம்பளமும் உள்ள வீடுகளுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

கன்சோலுக்கு உரிய பெருமையை நான் மறுக்கவில்லை. டிவியில் இணைத்துப் பொத்தானை அழுத்தினால் விளையாட்டு தொடங்கிவிடுகிறது. பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் எது, திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு எது போதும் என்ற விசாரிப்பே இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. அன்று வாங்கியவர் இன்று வெளியாகும் விளையாட்டையும் அதே பெட்டியில் ஆடுகிறார். ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள், அதாவது கணினியைக் கணக்குப் போடவைத்து இணைய நாணயம் ஈட்டுகிறவர்கள், கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சிப் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கார்டு ஒன்று அச்சிட்ட விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்ற அந்தக் காலத்தில், கேட்டவர்களிடம் கன்சோலே வாங்குங்கள் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதே போல, பிள்ளைகள் விரும்பும் ஜி.டி.ஏ. விளையாட்டின் ஆறாம் பாகத்தைப் பிளேஸ்டேஷன் 5-க்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும் மட்டுமே அறிவித்தார்கள். ஐந்தாம் பாகம் கன்சோலுக்கு 2013-இலும் கணினிக்கு 2015-இலும்தான் வந்தது. பையன் அதற்காகக் கன்சோல் கேட்டு அழுதால், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் செலவு என்று பேச வந்தால் முழுச் செலவையும் பேச வேண்டும். 2024 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த வடிவமான ஸ்லிம் இங்கே வந்தபோது, விளையாட்டு டிஸ்க்கைப் போட்டு ஆடும் பெட்டியின் விலை 54,990 ரூபாய், டிஸ்க் இல்லாததன் விலை 44,990 ரூபாய். அந்த வாசகர் இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமானால், பெரும்பாலும் கன்சோலில் அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கணினியில் அந்தச் சந்தாவே கிடையாது. பெரிய நிறுவனத்தின் புதிய கன்சோல் விளையாட்டு ஒன்று ஏறத்தாழ 5,000 ரூபாய். கணினியிலும் புது விளையாட்டு மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இணையத்தில் கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடை 2015 முதல் ரூபாயில் விலை வைக்கிறது. கோடையிலும் ஆண்டு இறுதியிலும் நடக்கும் தள்ளுபடியில் பழைய விளையாட்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அதே போன்ற எபிக் கடை வாரந்தோறும் இலவசமாகவே விளையாட்டு கொடுக்கிறது. பொறுத்திருந்து வாங்கும் பிள்ளைக்குக் கணினியில் செலவு குறைவுதான்.

அதற்குமேல், டிவி யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு டிவி. மாலையில் பாட்டிக்குத் தொடர், இரவில் அப்பாவுக்குக் கிரிக்கெட். கன்சோல் வந்த ஒரு மாதத்துக்குள் இரண்டாவது டிவி வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும். அது போகட்டும். பிள்ளை பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்துப் பொறியியலிலோ பி.காமிலோ சேர்ந்ததும் எப்படியும் ஒரு கணினி வாங்கத்தானே போகிறீர்கள்? அந்த விலையையும் கன்சோல் கணக்கில் எழுதுங்கள். அப்புறம் சொல்லுங்கள், எது சிக்கனம் என்று.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பழுது என்று வந்தால்தான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரியும்.

மேசைக் கணினி நின்றுவிட்டால் முதலில் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பேன். ஓடினால் வேலை முடிந்தது. ஓடாவிட்டால் ரேம் என்ற நினைவகப் பட்டையை எடுத்து, அதன் தங்க நிற விளிம்பைத் துடைத்து, மறுபடி செருகுவேன். பத்தில் சில கணினிகள் அந்தத் துடைப்பிலேயே எழுந்துவிடும். கெட்டது எதுவோ அதை மட்டும் மாற்றலாம். நான் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் மாற்றுவார், அவரும் இல்லையென்றால் திருநெல்வேலியிலோ வேலூரிலோ உள்ள கடைக்காரர் மாற்றுவார். ஏனென்றால் செருகுமிடங்கள் எல்லாருக்கும் பொதுவானவை. எந்த நிறுவனத்தின் ரேமாக இருந்தாலும், அந்த வகை ரேமுக்கான தாய்ப்பலகையில், அதாவது பாகங்களெல்லாம் செருகப்படும் முதன்மைப் பலகையில், உட்காரும்.

கன்சோல் அப்படிப்பட்டதன்று. பிளேஸ்டேஷன் 5-இல் சிப்புக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் நடுவில் வழக்கமான பசை இல்லை. திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகச் சிறந்தது. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். தெரியாதவர் திறந்து ஒரு துளி பலகையில் சிந்திவிட்டால் பலகை போய்விடும். உள்ளே முழுதும் திறந்து தூசி தட்டப் பயிற்சி வேண்டும் என்றால், தெருவுக்குத் தெரு தோண்டிப்போட்டிருக்கும் இந்த ஊரில் அதை யார் செய்வது? முதலில் வந்த பெட்டிகளில் டிஸ்க் டிரைவும் அதன் தாய்ப்பலகையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. வேறொரு பெட்டியின் டிரைவைக் கழற்றி அப்படியே மாட்டினால் அது டிஸ்க்கைப் படிக்காது. ஸ்லிம்மில் டிரைவைத் தனியே வாங்கி மாட்டலாம் என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் அதையும் முதல் முறை இணையத்தில் பதிவு செய்தால்தான் வேலை செய்யும்.

என் மேசைக்கு மிக அதிகமாக வரும் கன்சோல் பழுது, டிவிக்குப் போகும் வயரைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளை உடைவதுதான். யாரோ வயரில் கால் இடறுவார்கள், பெட்டி கவிழும், துளை நசுங்கும். அதைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைக்க நுண்ணோக்கியும் சூடான காற்றுக் கருவியும் நிதானமான கையும் வேண்டும். இதே விபத்து மேசைக் கணினியில் நடந்தால் கிராபிக்ஸ் கார்டில் இன்னொரு துளை இருக்கும். வயரை மாற்றிச் செருகிவிட்டு அன்று இரவே பையன் விளையாடலாம். உத்தரவாதக் காலம் முடிந்த பெட்டியோடு சேவை மையத்துக்குப் போய், பழுதைப் பார்க்காமலே முழுப் பலகைக்கும் விலை கேட்டதாகச் சொல்லி, முகம் வாடி என்னிடம் வந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். நம் காசில் வாங்கிய பொருளை நம் தெருவிலேயே சரிசெய்துகொள்ளும் வழி இருக்க வேண்டும்.

புதுக் கணினிக்கு 55,000, 60,000 எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இந்த ஊரில் அதற்கு ஒரு வழி உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தங்கள் மேசைக் கணினிகளைக் கழித்துக் கட்டுகின்றன. அவை எஸ்.பி. ரோட்டுக்கு வண்டி வண்டியாக வருகின்றன. அவற்றில் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ5 சிப் உள்ளதாகத் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. அந்தக் கணினியில் 16 ஜிபி ரேமும், தனி மின்வயர் தேவைப்படாத ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற கார்டும் போடுங்கள். செருகுமிடம் தரும் 75 வாட்டிலேயே அது ஓடிவிடும். அலுவலகக் கணினியின் சிறிய எஸ்.எம்.பி.எஸ். தாங்கும். பழைய பாகங்களாக வாங்கினால் ஏறத்தாழ 25,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ரேம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் கொஞ்சம் கூடும். வேலரண்ட், ஜி.டி.ஏ. ஐந்து, மைன்கிராஃப்ட் எல்லாம் இதில் நன்றாகவே ஓடும். மிகப் புதிய, மிகக் கனமான விளையாட்டுகள் ஓடாது. அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றுபோனது. இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றைக் கழுவிப் புதுப் பெட்டியில் போட்டு விற்றவர்கள் உண்டு. பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே மாட்டி, அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் நல்லதாகப் போட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.-இல் மட்டும் 800 ரூபாய்ச் சரக்கை மாட்டுவது இன்னொரு வழக்கம். அது வெடித்தால் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். யு.பி.எஸ். விஷயத்திலும் கவனம் வேண்டும்: 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பெரிய கார்டு போட்ட கணினியை அதில் இணைத்தால், மின்சாரம் போன கணமே கணினியும் போய்விடும். கேமிங் லேப்டாப் பற்றி ஒரே வரி: சூடும் சத்தமும் அதிகம், மாற்றக்கூடிய பாகங்கள் குறைவு, விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளையைத் தவிர யாருக்கும் நான் சொல்வதில்லை.

செலவையும் பழுதையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. கன்சோலில் பிள்ளை விளையாட மட்டுமே முடியும். கணினியில் விளையாட்டையே பிரித்துப் பார்க்கலாம். கவுன்டர் ஸ்டிரைக் என்ற புகழ்பெற்ற விளையாட்டு எப்படிப் பிறந்தது? ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் இருவர் அதன் உள்ளே கைவைத்து, 1999-இல் தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றியமைத்ததால் பிறந்தது. டோட்டா என்ற விளையாட்டும் வார்கிராஃப்ட் விளையாட்டை ரசிகர்கள் மாற்றியதிலிருந்து வந்ததுதான். இவை கணினியில் நடந்தவை. இந்த பெங்களூரிலேயே 1997-இல் துருவா என்ற விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் நாட்டின் முதல் விளையாட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2019-இல் அது ஜி.டி.ஏ.-வை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் வசம் சேர்ந்தது. பிள்ளைகள் எந்த ஜி.டி.ஏ.-வுக்காக ஏங்குகிறார்களோ, அதே ராக்ஸ்டாருக்கு இதே ஊரில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு, முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டரும் விளையாட்டு உருவாக்கும் கொடோவும் ஆகிய மென்பொருள்கள் இலவசம். ஓட்டுவதற்கு ஒரு கணினி இருந்தால் போதும். என்னிடம் திருகுச் சாவி பிடிக்கக் கற்ற பையன்களில் பாதிப் பேர், தங்கள் விளையாட்டு மெதுவாக ஓடுகிறதே என்ற கோபத்தில் சொந்தக் கணினியைத் திறந்தவர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கன்சோலே வேண்டும் என்போர் உண்டு. வீட்டில் கணினி ஏற்கெனவே இருக்கலாம்; அண்ணன் தம்பி அத்தை பிள்ளைகள் எல்லாரும் ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆட விரும்பலாம். தாராளமாக வாங்குங்கள், ஆனால் டிஸ்க் வைத்த பெட்டியாக வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று டிஸ்க் இல்லாததை வாங்கி, டிரைவைத் தனியே மாட்டாமல் விட்டால், ஆடி முடித்த விளையாட்டை விற்கவும் முடியாது, சித்தப்பா மகனுக்குக் கொடுக்கவும் முடியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவே கிடையாது; அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நின்டெண்டோ தன் கன்சோல்களை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. மெஜஸ்டிக் பக்கத்திலோ வேறெங்கோ கிடைப்பது இறக்குமதிச் சரக்கு, உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. கையில் பிடித்து ஆடும் கைப்பிடிகளில் (கன்ட்ரோலர்), குச்சியைத் தொடாமலே அது நகர்ந்ததாகக் காட்டும் கோளாறு எல்லா நிறுவனப் பொருளிலும் வருகிறது; அதற்காகப் புதியது வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிறு பாகத்தை மாற்றினால் போதும். அதே கைப்பிடியைக் கணினியிலும் இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கணினியையும் எச்.டி.எம்.ஐ. வயரால் டிவியில் இணைக்கலாம் என்பதும் தெரியவில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் இணைப்பில் மாதம் ஒரு முறையாவது, 25,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்கும் என்னென்ன பாகங்கள் வாங்கலாம் என்ற பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள். இந்த விவரங்கள் எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடக்கின்றன. கடைக்கு வரும் நம் பெற்றோர் விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் தந்தால், பழைய கணினிகளை நானே கொண்டுவந்து, பிள்ளைகளும் பெற்றோரும் தங்கள் கையால் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
அல்சூர், பெங்களூரு.