அந்த வெள்ளக்கதை வீடியோ உன்னிடம் இருக்கிறதா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. கோபம் இருந்தால் இதை முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். அம்மா சுகம், முட்டிவலி மட்டும் விடவில்லை. அக்கா தென்காசிக்கே குடிபோய்விட்டாள். நம் கூட்டாளி ஒட்டடைக்குச்சி தன் பையனுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். நீ வராததை மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கச் சொன்னான். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2014-இல் புதுப் போன் வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் வந்தாயே, அப்பா திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டே 1992 வெள்ளக்கதையைச் சொல்ல, நீ படம் பிடித்தாயே, அது உன்னிடம் இருக்கிறதா? என்னிடம் இல்லை. அது மட்டுமல்ல, அப்பா பேசிய எந்த வீடியோவும் என்னிடம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு, அவருடைய படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு கிளவுட் கணக்கில் ஏற்றினேன். மாதச் சந்தா கட்டுகிற சேவைதான். என் போன், லேப்டாப், அம்மாவின் போன் மூன்றிலும் ஒரே கணக்கு. நான் இங்கே எது சேர்த்தாலும் அம்மா அங்கே பார்ப்பாள், சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும், நாளைக்கு உங்கள் கார்டில் பணம் எடுக்கப்போகிறோம் என்று எஸ்எம்எஸ் வரும். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது அல்லவா, அதுதான். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா பத்திரமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் லீவுக்கு அக்கா பையன் அம்மாவிடம் வந்தான். பாட்டி போனில் இடமில்லை, கேமரா திறக்கவே மாட்டேன் என்கிறது. பையன் உதவி செய்தான். எது அதிக இடம் பிடிக்கிறது என்று போனே வரிசைப்படுத்திக் காட்டியது, மேலே இருந்ததையெல்லாம் அழித்தான். மேலே இருந்தவை எவை என்று உனக்கே புரியும். நான்கு நிமிடம், ஏழு நிமிடம் என்று அப்பா பேசியவை. மங்கலான கல்யாணப் படங்களும் வாட்ஸ்அப் குட்மார்னிங்குகளும் அடியில் பத்திரமாகக் கிடந்தன.

அந்தப் போனில் அழிந்தது லேப்டாப்பிலும் அழிந்தது, என் போனிலும் அழிந்தது, கிளவுடிலும் அழிந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்திருக்கிறது. நான் திறந்து பார்த்தது மாசியில், அப்பா திதியன்று. நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மரியாதையாகவே பதில் வந்தது: மீட்க வழியில்லை.

பையனை ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது, விஷயம் தெரிந்ததும் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தானாம். அவன் மேல் என்ன தப்பு? மூன்று இடத்தில் இருந்தது மூன்று பிரதி என்று நான் நம்பினேன். இருந்தது ஒன்றுதான். மூன்று ஜன்னல் வழியாக அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிங்க் என்பது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலை. நீ சேர்த்தால் எல்லா இடத்திலும் சேர்க்கும், அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும். பேக்கப் வேறு. அது அழித்ததையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சந்தா கட்டும் ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

சந்தா என்பது வாடகைதானே மாப்பிள்ளை. உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்து மொபைல்மீ என்ற சந்தா சேவையைக் காட்டினாரே, போனில் பெயர் மாற்றினால் கம்ப்யூட்டரிலும் மாறுகிறது என்று நாம் வாயைப் பிளந்து பார்த்தோமே. ஆப்பிள் 2008 ஜூலையில் தொடங்கியது, வருடத்துக்கு 99 டாலர். 2011-இல் அதற்குப் பதிலாக ஐகிளவுட் வந்தது, 2012 ஜூன் 30-ஆம் தேதி மொபைல்மீயை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள். ஆனாலும் நம் சாமானை நாம்தான் போய் எடுத்து வர வேண்டும்.

உன் கணக்கு கூகுள் என்பதால் உனக்கும் சொல்கிறேன். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1-க்கு முன்னால் 'ஹை குவாலிட்டி'யில், அதாவது கொஞ்சம் சுருக்கி, ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபியில் சேராது, அதற்குப் பிறகு ஏற்றியவை சேரும். நிரம்பிவிட்டால் மெயிலே வராது. அளவு தாண்டி இரண்டு வருடம் அப்படியே விட்டாலோ, கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டாலோ, உள்ளே இருப்பதை அழிக்கலாம் என்று விதி இருக்கிறது. நீ பழைய காலேஜ் மெயிலைத் திறந்து எத்தனை நாளாயிற்று? இன்றைக்கே உள்ளே போ. டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' பகுதியில் உன் மனைவி பெயரைப் போட்டு வை. நாம் இல்லாமல் போனால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அது.

நான் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டேன். புகைப்படக்காரர்கள் 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ஒரு டிஸ்க் என் பீரோவில், இன்னொன்று தென்காசியில் அக்காவிடம். மாதம் முதல் ஞாயிறு செருகி ஏற்றிவிட்டு உருவி வைத்துவிடுகிறேன். செருகியே வைத்திருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து அழியலாம். கிளவுட் சந்தாவையும் நிறுத்தவில்லை. வீடு தீப்பிடித்தால், போன் பஸ்ஸில் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும். அம்மா போனில் மட்டும் தனிக் கணக்கு போட்டுப் படங்களைப் பகிர்ந்திருக்கிறேன். அவள் பார்க்கலாம், அங்கிருந்து என்ன அழித்தாலும் என் பக்கம் வராது.

ஆனால் ஏற்றுவதற்கு அப்பா குரல் வேண்டும். அந்த வீடியோவில் ஓரிடத்தில் பாக்குவெட்டி அப்படியே திறந்தபடி நிற்கும். பாக்கு பாதி வெட்டுப்பட்டிருக்கும். "சத்தமே இல்லாமத்தான் வந்துது, கேட்டியா" என்பார். அப்புறம் டக்கென்று வெட்டிவிட்டு உனக்கு ஒரு துண்டு நீட்டுவார், படம் ஆடும். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். நடுவில் என்ன சொன்னார் என்பது போய்விட்டது.

நீ 2014 கடைசியிலோ 2015 தொடக்கத்திலோ தேடு. கிடைத்தால் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போடாதே, சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாகப் போடு, இல்லையென்றால் பென் டிரைவில் கூரியர் செய். கணக்கில் இல்லாவிட்டால் அந்தப் பழைய போனைத் தேடு. திரை உடைந்து ஆன் ஆகாமல் கிடந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு, இங்கே கடையில் கொடுத்துப் பார்க்கிறேன். தயவுசெய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. திதியன்று சாப்பாடு முடிந்ததும் போனைக் கையில் கொடுத்து, அப்பா பேசுவதைப் போடு என்றாள். சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
பன்னிரண்டாம் நம்பர் ரூம்காரன்