ஜார்ஜ்–நைஸ்னா ரயிலுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

ஜார்ஜ்–நைஸ்னா இருப்புப்பாதையைக் கையில் வைத்திருக்கும் தென்னாப்பிரிக்க அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் எழுதியவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால், மொழி மாறுவதில் யாருக்கும் நட்டமில்லை.

2006 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து பாதை போன கதை உங்களுக்குத் தெரியும். அப்புறம் அதில் ஓடிய அவுட்டனிக்வா சூ-சூ என்ற நீராவி ரயிலை மாசல் பே ஊர்ப் பக்கம் திருப்பி 2010 வரை ஓட்டியதும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். 1928இல் திறந்த அந்த 67 கி.மீ. பாதையில் மறுபடி நீராவி ரயில் விடுவீர்களா, மாட்டீர்களா? விடுவதென்றால் ஒரு தேதி சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

போன விடுமுறையில் நாங்கள் தங்கிய விடுதியின் சுவரில், இந்தப் பாதையில் உள்ள காய்மான்ஸ் ஆற்று முகத்துவாரப் பாலத்தில் புகை கக்கிப் போகும் ரயிலின் பெரிய படம் மாட்டியிருந்தது. இந்த ரயில் எத்தனை மணிக்கு என்று ஒரு வெளிநாட்டுக் குடும்பம் கேட்டது. வரவேற்பறைப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலத்துக்குப் போனால் தண்டவாளத்தின் மேல் ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரயில் வராது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடற்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைக்கூடப் பணம் இருந்தால் மாற்றிவிடலாம். ஆட்களை என்ன செய்வீர்கள்? ஜார்ஜ் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் எஞ்சின்கள் பளபளவென்று குளிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. கடலோரத்திலிருந்து ஜார்ஜுக்கு ஏறும் மேட்டில் கரியை எவ்வளவு, எந்த மூலையில் போடுவது, தண்ணீர் எப்போது விடுவது என்பதெல்லாம் புத்தகம் படித்து வருவதில்லை. கரியை அள்ளிக் கொட்டினால் நெருப்பு அடங்கிப்போகும். குறைத்தால் பாதி மேட்டில் நீராவி தீரும். பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நீர்மட்டக் கண்ணாடியில் ஒரு கண், நெருப்பில் ஒரு கண் என்று பல வருடம் பக்கத்தில் நின்றால்தான் கை பழகும். ஓடாத ரயிலில் யார் பக்கத்தில் யார் நிற்பது?

நீராவியைப் பற்றி உங்கள் நாட்டுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரூ வறண்ட நிலத்தில் தண்ணீர் இல்லையென்று, விட்ட நீராவியையே குளிரவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் 25ஆம் வகுப்பு எஞ்சின்கள் 90 வாங்கி ஓட்டியவர்கள் நீங்கள். பல நாடுகள் டீசலுக்குப் போன பிறகும், 1981இல் 3450ஆம் எண் எஞ்சினைத் திருத்தி ‘ரெட் டெவில்’ ஆக்கினீர்கள். தண்டவாள இடைவெளி குறைந்த உங்கள் குறும்பாதையில் ஓடிய காரட் (Garratt) வகை நீராவி எஞ்சின்கள் இன்று வேல்ஸ் மலைகளில் ஓடுகின்றன. அங்கே 1930களில் மூடிப்போன பாதையையே திரும்பப் போட்டு, கார்னார்ஃபனிலிருந்து போர்த்மடாக் வரை 40 கி.மீ. ரயில் விட்டுவிட்டார்கள். எஞ்சின் உங்களுடையது, ஓட்டுகிறவர்கள் அவர்கள். நல்ல பங்கீடு!

பழைய காலத்தை அப்படியே கேட்கவில்லை. தோல் நிறம் பார்த்துப் பெட்டி பிரித்த ரயில் யாருக்கும் வேண்டாம். எஞ்சினும் பாதையும் வந்தால் போதும், எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறிக்கொள்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். நடத்த முடிந்தவர்களிடம் நியாயமான நிபந்தனையில் பாதையை ஒப்படையுங்கள். பணம் உண்டென்றால் எந்த மாதம் வேலை தொடங்கும் என்று அறிவியுங்கள். தயவுசெய்து, ஒரு தேதி.

பணிவுடன்,
கேப் டவுனில் வாழும் ஒரு தமிழன்