ஜனவரி முடியுற வரைக்கும் அம்மா இங்கதான்

கண்ணா,

நீயும் மருமகளும் சேந்து அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்டா. அப்பா இல்லாத வீட்ல அந்தக் குளிர்ல தனியா உக்காந்து என்னம்மா பண்ற, வீட்டை வித்துட்டு மெல்போர்ன் வந்துரு, கிறிஸ்மஸுக்கு முன்னாடியே டிக்கெட் போடுறேன்னு சொல்லிருந்த. போன்ல பேசுனா நீ குறுக்க பேசுவ, எனக்கும் தொண்டை அடைச்சுக்கும், அதான் டைப் பண்ணி அனுப்புறேன், ராத்திரி குட்டி தூங்குனப்புறம் நிதானமா படி.

கிறிஸ்மஸுக்கு என்னால வர முடியாது. ஜனவரி மூணாவது வாரம் எங்க பாண்டோ, அதாவது பாண்டோமைம் நாடகம் இருக்கு, நான்தான் காஸ்ட்யூம் பொறுப்பு. நீ காலேஜ்ல இருந்தப்பதான் நாங்க பிரிட்டன்ல இந்த ஊருக்கு வந்தோம், நீ லீவுக்கு வந்ததெல்லாம் ஜூன் ஜூலைல, அதனால நீ இதைப் பாத்ததே இல்ல. பாண்டோமைம்னு பேரைக் கேட்டு வாய் பேசாம கையை ஆட்டுற நாடகம்னு நெனச்சுடாத, இதுல மேடைல இருக்கவங்களும் வாயை மூட மாட்டாங்க, கீழ உக்காந்துருக்கவங்களும் மூட மாட்டாங்க. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஜாக்கும் அவரைக்கொடியும், இப்படி எல்லாருக்கும் தெரிஞ்ச தேவதைக் கதை ஒண்ணை எடுத்து பாட்டு, ஆட்டம், சேட்டை, வில்லன், கடைசில கல்யாணம்னு ரெண்டு ரெண்டரை மணி நேரம் போடுறது. பெரிய ஊர் தியேட்டர்கள்ல கிறிஸ்மஸ் சமயத்துல டிவி நட்சத்திரங்களை வச்சு போடுவாங்க, எங்கள மாதிரி சின்ன ஊர்ல ஊர்க்காரங்களே சேந்து ஜனவரில போடுவோம், டிசம்பர்ல ஹால் கிடைக்காது, எல்லாருக்கும் வேற வேலை இருக்கும். யாருக்கும் ஒரு பைசா சம்பளம் கிடையாது. இந்தத் தடவை சிண்ட்ரெல்லா, செப்டம்பர்லயே ரிகர்சல் ஆரம்பிச்சாச்சு, வாரத்துல ரெண்டு சாயங்காலம், கடைசி நேரத்துல ஞாயித்துக்கிழமையும்.

எங்க டைரக்டரம்மா ரிடையர் ஆன டீச்சர், டீ பிரேக்ல இதோட கதையெல்லாம் சொல்லுவாங்க. 1737ல இங்க ஒரு சட்டம் வந்துச்சாம், ராஜா அனுமதி குடுத்த ஒண்ணு ரெண்டு தியேட்டர் தவிர லண்டன்ல வேற எங்கயும் வசன நாடகம் போடக்கூடாதுன்னு. மத்தவங்க என்ன பண்ணுவாங்க, ஆட்டம் பாட்டு சைகைன்னு கதை சொன்னாங்க, ஜோசப் கிரிமால்டின்னு ஒரு கோமாளி (1778ல பொறந்து 1837ல செத்துப்போனவர்) இதுல அவ்வளவு பேர் வாங்கி, அவரோட பேரை வச்சே இன்னைக்கும் கோமாளிங்களை இங்க ஜோயின்னு சொல்றாங்க. 1843ல அந்தத் தடையை எடுத்தாங்க, அப்ப உள்ள வந்த பேச்சு அப்புறம் வெளிய போகவே இல்ல.

இதுல எனக்கு மொத வருஷமே மனசு ஒட்டிக்கிட்டது எங்கன்னு சொல்றேன். சிண்ட்ரெல்லாவோட ரெண்டு அக்காங்களா வர்றது ஆம்பளைங்க, ஒருத்தர் பிளம்பர், இன்னொருத்தர் ரிடையர் ஆன போஸ்ட்மேன். இளவரசனா வர்றது நர்சரில வேலை பாக்குற பொண்ணு, முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டு தொடைல தட்டிக்கிட்டு நிக்கும். இங்க இருக்கவங்க இது எங்க நாட்டுல மட்டும்தான்னு நெனைக்கிறாங்க. நான் சொன்னேன், எங்க ஊர்ல ஸ்திரீபார்ட், ராஜபார்ட்னே உண்டு, டி.கே.சண்முகம் அவ்வையார் வேஷம் கட்டி அவ்வை சண்முகம்னே பேர் வாங்கினவரு, கே.பி.சுந்தராம்பாள் 1935லயே சினிமால நந்தனாரா நடிச்சவங்கன்னு. அப்பத்தா ஊர் திருவிழால விடிய விடிய வள்ளி திருமணம் பாப்போமே உனக்கு ஞாபகம் இருக்கா, நீ பபூன் வர்ற வரைக்கும் முழிச்சிருந்துட்டு அப்புறம் என் மடில தூங்கிருவ. வேலன் வேடனா வருவான், கிழவனா வருவான், கடைசில வள்ளியக் கட்டுவான்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் ஒருத்தரும் எந்திரிச்சு போக மாட்டாங்க. இங்கயும் அப்படித்தான்டா, செருப்பு யாருக்குச் சேரும்னு அஞ்சு வயசு குழந்தைக்குக்கூட தெரியும், ஆனா அந்த அக்கா காலை உள்ள திணிக்கிறப்ப ஹாலே கத்துது.

சரி, என் வேலைக்கு வர்றேன். ஆம்பளை பொம்பளை வேஷம் போட்டா பொம்பளையாட்டமே தெரியணும்னுதான் நானும் நெனச்சேன், இதுல அப்படி இல்ல. உள்ள இருக்கது பிளம்பர்தான்னு கடைசி வரிசைல இருக்கவங்களுக்கும் தெரியணும், ஆனா அவரு தன்னை பேரழகின்னு முழுசா நம்பி நிக்கணும், அப்பதான் சிரிப்பு வரும். அதனால டிரஸ் அவரை மறைக்கவும் கூடாது, அசிங்கப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு தடவை மேடைக்கு வர்றப்பவும் அக்காங்களுக்கு புது டிரஸ் வேணும், ஜனங்க அதையே எதிர்பாத்து உக்காந்திருப்பாங்க. மாத்துறதுக்கு கிடைக்கிற நேரம் முன்னாடி திரையை மூடிட்டு பட்டன்ஸ்ங்கிற வேலைக்காரப் பையன் வந்து ஒரு பாட்டு பாடுறானே, அவ்வளவுதான். ஜிப் வச்சா செத்தோம், வேர்வைல துணி மாட்டிக்கும். ஜாக்கெட், பாவாடை, ஏப்ரன் எல்லாத்தையும் ஒரே துணியா சேத்து தச்சு முதுகுல மேல இருந்து கீழ வரைக்கும் வெல்க்ரோ, அவரு கையை முன்னாடி நீட்டிட்டு நிப்பாரு, ஒருத்தர் மாட்டணும், ஒருத்தர் பின்னாடி ஒட்டணும், இன்னொருத்தர் விக் வைக்கணும். வெல்க்ரோ பிரிக்கிற சத்தம் ஹால் பூரா கேக்கும், அதனால மியூசிக் ஏறுற எடத்துலதான் பிரிக்கணும்னு ஸ்கிரிப்ட்ல பென்சில்ல குறிச்சு வச்சிருக்கேன்.

சமையக்கட்டு சீனுக்கு என்னோட பழைய சுங்குடி சேலை ரெண்டை வெட்டி ரெண்டு பேருக்கும் கொசுவம் வச்ச பாவாடை தச்சேன், ஒண்ணு அரக்கு, ஒண்ணு பச்சை. அப்பா மதுரைல மாசி வீதில வாங்கிக் குடுத்ததுதான். வெட்டுறப்ப கை நின்னுச்சு, மறைக்க விரும்பல. ஆனா பீரோல மடிச்சு மடிச்சு நைஞ்சு போறதுக்கு, அந்தப் புள்ளியெல்லாம் மேடை லைட்ல சுத்துறதை அப்பா பாத்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. அந்த போஸ்ட்மேன் தாத்தா அதைக் கட்டிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்து என்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு.

சிண்ட்ரெல்லா டிரஸ்தான் இதுல கஷ்டமானது. கந்தலோட நிக்கிற பொண்ணு கண்ணுமுன்னாடி ராணியா மாறணும். நாங்க ஒரே உசரத்துல ரெண்டு பொண்ணுங்களை வச்சிருக்கோம், தேவதை பூசணிக்காய் கொண்டு வான்னு அனுப்புவாங்க, கொண்டு வர்றது இன்னொரு பொண்ணு, முக்காடு போட்டு முதுகைக் காட்டி நிப்பா, அதுக்குள்ள நிஜ சிண்ட்ரெல்லாவுக்கு பின்னாடி நாங்க கவுனை மாட்டிருவோம், புகை போட்டு லைட்டை மாத்துனதும் பிளைவுட் ரதத்துல அவ உக்காந்திருப்பா. முன்வரிசை குழந்தைங்க ஒரு நொடி சத்தம் போடாம வாயைப் பொளந்து பாக்கும் பாரு, அதுக்காக நான் எத்தனை கவுன் வேணா தைப்பேன்.

தேவதை எப்பவும் மேடைக்கு வலது பக்கமாத்தான் வரணும், வில்லி இடது பக்கமா. நடிக்கிறவங்களோட வலது இடது, பாக்குறவங்களோடது இல்ல. நம்ம வலது காலை எடுத்து வச்சு வான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி பழைய நம்பிக்கை. எனக்கு அதுனால ரெண்டு பக்கமும் துணி ஸ்டாண்டு போட வேண்டியிருக்கு. நாடகத்தோட கடைசி ரெண்டு வரியை ரிகர்சல்ல சொல்லவே மாட்டாங்க, ஜனங்க வந்து உக்காந்தப்புறம்தான் சொல்லணும், ஜனங்க இல்லாம நாடகம் முழுசாகாதுன்னு.

நுரையை வாரி பூசிக்கிற சீன் ஒண்ணு கட்டாயம் உண்டு. அதுக்கு ஷேவிங் சோப்பை கேரட் மாதிரி துருவி வெந்நீர் ஊத்தி மிக்ஸர்ல அடிக்கணும், கண்ணுலயும் ரொம்ப எரியாது, துணில இருந்து அலசுனா போயிரும். ஃப்ரெஷ் கிரீம், கஸ்டர்ட் எதையும் நான் உள்ள விடமாட்டேன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

சின்னப் பிள்ளைங்க டான்ஸ் குரூப்பை பேப்ஸ்னு சொல்றாங்க. பிள்ளைங்க மேடை ஏறணும்னா பெரும்பாலும் கவுன்சில் பர்மிஷன் வேணும், லைசென்ஸ் வாங்குன ஆள் பாத்துக்கணும், ஒருத்தர் பன்னண்டு பிள்ளைக்கு மேல பாத்துக்கக் கூடாது. தேவதைக் கதை யாருக்கும் சொந்தம் இல்ல, ஆனா ஸ்கிரிப்டுக்கு ஒவ்வொரு ஷோவுக்கும் பணம் கட்டணும், ஹால் வாடகை, லைட்டு வேற. டிக்கெட்டும் இடைவேளை டீயும் ராஃபிள் குலுக்கல் சீட்டும்தான் வருமானம்.

பட்டன்ஸ்னு சொன்னேன்ல, சிண்ட்ரெல்லா வீட்டு வேலைக்காரப் பையன். 1697ல பெரோ எழுதுன கதைல அவன் கிடையாது, 1860ல பைரன்னு ஒருத்தர் (கவிஞர் பைரன் இல்ல) லண்டன் மேடைல சேத்த ஆள். அவனுக்கு சிண்ட்ரெல்லான்னா உசுரு, ஆனா அவ இளவரசனைத்தான் கட்டிக்குவா, இவன் சிரிச்சுக்கிட்டே குழந்தைங்ககிட்ட மிட்டாய் வீசுவான். இளவரசனை விட எனக்கு இவனைத்தான் ரொம்பப் பிடிக்கும். கதை பூரா ஜனங்களோட ரொம்பப் பேசுறது இவன்தான், இவன் சரியா அமையலன்னா ஹால் எழும்பாது.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். அப்பா போனப்புறம் மொத வருஷம் இந்த ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்து பாவமா தலையை சாய்ச்சு சிரிச்சுட்டுப் போவாங்க, நல்லவங்கதான், ஆனா என்ன பேசுறதுன்னு அவங்களுக்கும் தெரியல எனக்கும் தெரியல. பக்கத்து வீட்டம்மா நான் தையல் மெஷின் வச்சிருக்கதைப் பாத்துட்டு ஒரு நாள் பத்து ஜாக்கெட் குடுத்து பட்டன் தச்சுத் தர முடியுமான்னு கேட்டாங்க. அதுல ஆரம்பிச்சதுதான். இப்ப கடைக்குப் போனா மீன் வெட்டுறவர் என் மீசை எங்கம்மான்னு கேக்குறாரு, மருந்துக் கடைப் பொண்ணு கவுன்டர்லயே இடுப்பு அளவு சொல்லுது. என்னைப் பாத்து தலையை சாய்க்கிறவங்க யாரும் இப்ப இல்ல. வேலை இருக்கு, அதை நான் செய்யலன்னா ரெண்டு ஆம்பளைங்க பாவாடை இல்லாம நிப்பாங்க, அது எனக்கு எவ்வளவு பெரிய தெம்புன்னு உனக்குப் புரியணும்டா. நீ என்மேல இருக்க பாசத்துலதான் கூப்பிடுறன்னு தெரியும், ஆனா தனியா இருக்கேன்னு நெனச்சு கூப்பிடாத, நான் தனியா இல்ல.

வீட்டை இப்போதைக்கு விக்கல. பிப்ரவரில துணியெல்லாம் துவைச்சு பெட்டில வச்சுட்டு அங்க வர்றேன், ஈஸ்டர் வரைக்கும் உங்களோட இருப்பேன், அதுக்கு டிக்கெட் நீயே போடு.

ஆனா அதுக்கு முன்னாடி நீங்க வாங்க. குட்டிக்கு ஜனவரி கடைசி வரைக்கும் ஸ்கூல் லீவுதானே. சனிக்கிழமை மத்தியான ஷோதான் குழந்தைங்களுக்கு நல்லது, மூணு சீட்டை எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள உறுதி சொல்லணும், அதுக்கு மேல வெளிய குடுத்துருவாங்க. மருமகளுக்கு லீவு கிடைக்கலன்னா நீயும் குட்டியுமாவது வாங்க. வில்லி வந்தா ஊளையிடணும், பட்டன்ஸுக்குப் பின்னாடி பேய் வந்தா ஹி இஸ் பிஹைண்ட் யூன்னு முழு தொண்டைல கத்தணும், இதை மட்டும் குட்டிக்கு இப்பவே சொல்லிக் குடு. அவளோட கோட் சைஸும் அனுப்பு, அங்க இப்ப வெயில் காலம், கனமான கோட் கடைல இருக்காது, நான் இங்க சாரிட்டி ஷாப்ல நல்லதா ஒண்ணு பாத்து வைக்கிறேன்.

அம்மா