அந்தப் பையனுக்கும் ரெண்டு கட்டைதான்

பல்கலைக்கழக இசை விழாக் குழுவினருக்கு,

வணக்கம். மாசி மாதம் நடந்த உங்கள் மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்குக் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். நான் உங்கள் பழைய மாணவி. மூன்று வருடம் இதே ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலி என்னுடையது. அதன் ஒரு கால் ஆடும், அடியில் பேப்பரை மடித்து வைப்போம். இந்த வருடமும் அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை குனிந்து எதையோ சொருகியதைப் பார்த்தேன். சரி, அது கிடக்கட்டும். அன்று வாசலில் நாதஸ்வரம் வாசித்த பையனுக்காக ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு மாமி, "ஆர்க்கெஸ்ட்ராவா? பழைய பாட்டா, புதுப் பாட்டா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் கலர் லைட்டோடு நடக்கும் மெல்லிசைக் கச்சேரிதான். பல வாத்தியம் சேர்ந்து வாசிக்கும் இதற்குப் பல்லியம் என்று பழைய தமிழ்ச் சொல் ஒன்று உண்டு, அதைச் சொன்னால் மாமிக்கு இன்னும் குழம்பும். நானும் ஆர்க்கெஸ்ட்ரா என்றே எழுதுகிறேன்.

பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். வயலின் தனி வாசித்த பெண், டி மேஜர் என்ற சுருதியில் உள்ள, ஒருவர் தனியாகவும் ஆர்க்கெஸ்ட்ரா கூடவும் வாசிக்கும் மேற்கத்திய கான்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியை எடுத்துக்கொண்டாள். மேடைக்கு வந்ததும் தாவணித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வில்லில் தடவும் ரோசின் பிசின் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, வாயால் ஊதிவிட்டாள். வெள்ளைப் பொடி விளக்கு வெளிச்சத்தில் பறந்தது. நடுவில் ஓரிடத்தில் நினைவு தப்பி நோட்டில் இரண்டு கட்டம் (பார்) முன்னால் போய்விட்டாள். நடத்திய சார் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. இடது கையை லேசாக அசைத்தார், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அவளோடு தாவிப் போய்ச் சேர்ந்துகொண்டது. அரங்கில் பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த இரண்டு நொடிக்கே பஸ் காசு சரியாகிவிட்டது.

வீணைதான் மனசைக் கஷ்டப்படுத்தியது. அந்தப் பையனிடம் இருந்தது நல்ல தஞ்சாவூர் வீணை, பலா மரம். வீணையின் தண்டில் வரிசையாக இருக்கும் மெட்டுகளில் ஒன்றின் மேல் தந்தியை இழுத்தே மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். ஆனால் மீட்டிய நாதம் தேய்ந்துகொண்டே போகும், இழுப்பில் வரும் கடைசி ஸ்வரம் கிட்டத்தட்ட மூச்சுச் சத்தம்தான். அதன் மேல் பதினாலு வயலினும் ஒரு கீபோர்டும் விடாமல் நின்றால் என்ன கேட்கும்? அவன் விரல் இழுப்பது தெரிந்தது, இழுத்தது கேட்கவில்லை. மைக்கைக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள். பின்னணி எழுதியவர் அந்த இடங்களில் மற்ற எல்லாரையும் வாயை மூடச் சொல்லியிருக்க வேண்டும். பதினாலு பேர் ஒரே கமகத்தை, அதாவது ஸ்வரத்தை இழுத்து அசைக்கும் அந்த நெளிவை, ஒரே மாதிரி வாசிக்க முடியாது. ஆளுக்கொரு குரு, ஆளுக்கொரு பாணி. அதனால் கூட்டமாக வாசிக்கும்போது கமகத்தைத் தட்டையாக்கித்தான் எழுதுவார்கள், அது எனக்கும் தெரியும். தனி வாசிக்க ஒருவரை உட்கார வைப்பதே அந்தத் தட்டையிலிருந்து வெளியே வரத்தானே?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கச்சேரி ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. நான் ஐந்தே காலுக்கு வந்துவிட்டேன். அரங்க வாசலில், வாழை மரம் கட்டிய தூணுக்குப் பக்கத்தில், உங்கள் நாதஸ்வர மாணவன் ஒருவனும் தவில் மாணவன் ஒருவனும் நின்றுகொண்டிருந்தார்கள். மங்கள இசை. சிறப்பு விருந்தினரின் கார் வரும்வரை வாசிக்க வேண்டும், கார் வந்தது ஏழு மணிக்கு. காரின் கதவு திறந்ததும் கெட்டிமேளம், பொன்னாடை, போட்டோ. விருந்தினர் உள்ளே போனதும் வாத்தியங்கள் உறைக்குள் போய்விட்டன. பிறகு ஐம்பது நிமிடம் பேச்சு. கடைசியில் விருந்தினருக்கு உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும் என்று புல்லாங்குழல் தனியை மூன்று நிமிடமாகச் சுருக்கினீர்கள். புல்லாங்குழலுக்கு அது முதல் முறை இல்லை. எங்கள் காலத்திலும் வெட்டு விழுந்தால் அதற்குத்தான் விழும்.

தனி வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவருகே அந்த நாதஸ்வரப் பையன் நிற்பதைப் பார்த்தேன். நாதஸ்வரத்தை ஊதும் நாணல் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். இனி வாசிக்கப் போவதில்லை என்றாலும் பழக்க தோஷம். இடைவேளையில் போய்ப் பேசினேன். அன்று காலை பாபநாசம் பக்கம் ஒரு முகூர்த்தத்துக்கு வாசித்துவிட்டு நேராக வந்திருக்கிறான், உதடு வீங்கியிருந்தது. "உன் சுருதி என்ன தம்பி?" என்றேன். "ரெண்டு கட்டை, டீச்சர்" என்றான். சற்று நிறுத்தி, தயங்கிக்கொண்டே சொன்னான்: "இப்ப அந்த அக்கா வாசிச்சதும் ரெண்டு கட்டைதான்."

யாரும் அவனிடம் சொல்லவில்லை. அழைப்பிதழில் டி மேஜர் என்று போட்டிருந்தாலும் அவனுக்கு அது என்னவென்று தெரியாது. கதவோரம் நின்று காதாலேயே பிடித்திருக்கிறான்.

உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் போய், நாதஸ்வரத்துக்கு ஒரு தனி கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "நாயனம் சுருதிக்கு ஒத்து வராதும்மா, சத்தமும் ஜாஸ்தி" என்றார். என் காலத்திலும் இதே பதில்தான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இத்தனை வருடம் எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது சி, ரெண்டு கட்டை என்பது டி. மேற்கத்திய முறையில் வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, இ. டி-யைச் சட்சமமாக, அதாவது ஸ-வாக, வைத்துச் சங்கராபரணம் வாசித்தால், அதாவது டி மேஜர் வாசித்தால், நான்கு தந்தியும் ராகத்துக்குள்ளேயே இருக்கும். விரல் வைக்காத தந்திகூடச் சேர்ந்து அதிரும். வயலினுக்கு இதைவிடச் சுகமான சுருதி கிடையாது. பீத்தோவன், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி மூவருமே வயலின் கான்செர்ட்டோவை டி மேஜரில் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரெண்டு கட்டை நாயனம் உங்கள் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒத்து வராத வாத்தியம் இல்லை. அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது!

இன்னும் கேளுங்கள். வயலினின் நடு இரண்டு தந்திகள் டி-யும் ஏ-வும். அதாவது சட்சமமும், ஐந்தாவது ஸ்வரமான பஞ்சமமும். வயலினைவிடப் பெரிய வியோலாவிலும் செல்லோவிலும் மேல் இரண்டு தந்திகள் அதே டி, ஏ. டபுள் பேஸிலும் இரண்டும் இருக்கின்றன. எல்லாரும் விரலே வைக்காமல் அந்த இரண்டு தந்தியை மெல்ல இழுத்துக்கொண்டு நின்றால் போதும், நாயனத்துக்கு விடாமல் சுருதி பிடிக்கும் ஒத்து வாத்தியம் போல, ஊரிலேயே பெரிய ஒத்து அதுதான். அதன் மேல் அந்தப் பையன் சங்கராபரணம் ஆலாபனை செய்யட்டும். ஆலாபனைக்குத் தாளம் இல்லை, நடத்துகிற சார் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கலாம். நாலு நிமிடம். பிறகு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்று. திருவாரூரில் 1775-இல் பிறந்தவர், வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் செய்துவைத்தார். எல்லாம் சங்கராபரணம்தான். கமகம் கிடையாது, நேர் ஸ்வரங்கள், ஆர்க்கெஸ்ட்ரா அப்படியே வாசித்துவிடும். அதில் நாயனமும் தவிலும் சேர்ந்துகொள்ளட்டும்.

இதை நான் புதுமை என்று கொண்டுவரவில்லை. தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே, 1798-க்கும் 1832-க்கும் நடுவில், மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்டு இருந்தது. அதற்கான நோட்டுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. தஞ்சை நால்வர் என்ற இசைக்கலைஞர் சகோதரர்களில் இளையவரான வடிவேலு வயலினைக் கையில் எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். வயலின் நம் வீட்டுப் பிள்ளையாகி இருநூறு வருடம் ஆகிறது. வந்தவனுக்கு நடு முற்றத்தில் இடம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரனைத் திண்ணையில் நிறுத்தியிருக்கிறோம்.

சத்தம் ஜாஸ்தி என்பதற்கு வருகிறேன். திமிரி நாயனம் என்றால் ஒத்துக்கொள்வேன், அது வீதிக்கும் தேருக்கும் ஆனது, சுருதியும் எட்டாத உயரம். இந்தப் பையன் வாசிப்பது பாரி. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), வாத்தியம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியோடு உட்கார்ந்து நீளம், துளை எல்லாவற்றையும் மாற்றிச் செய்துகொண்ட வாத்தியம் அது. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, மேடைக் கச்சேரிக்குத் தோதானது. கிராப்பு வெட்டிக்கொண்டு ஷெர்வானி போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் அவர். வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போகிறவர்கள் என்ற நினைப்பை உடைக்கத்தான் அதெல்லாம். அதே டெல்டாவில், இசைத் துறை உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், நாதஸ்வரம் படிக்கிற பிள்ளையை மறுபடி வாசலில் நிறுத்துகிறோம் என்றால் நான் என்ன சொல்வது? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி அதைக் கடைகிறார்கள். அந்தக் குறியீட்டுச் சான்றிதழ் வாசிக்காது, பையன்தான் வாசிக்க வேண்டும்.

மைக் வேண்டாம். அவனுக்கு முன்னால் மைக்கே வைக்காதீர்கள், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மட்டும் வையுங்கள். டிரம்பெட்டும் டிரம்போனும் பின்வரிசையில் உட்கார்ந்து அடக்கி வாசிப்பதில்லையா, அது போலத்தான். தவிலுக்கும் அப்படியே. தவில்காரப் பிள்ளை வலது கை விரலில் கூடு மாட்டாமல் வெறும் விரலால் மெதுவாக வாசிக்கிறேன் என்றான். ஒரு கச்சேரிக்குச் செய்து பார்க்கலாம், ஆனால் எனக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. அவன் எதற்குக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு, மறைக்க மாட்டேன். நாயனத்தின் சுருதி கீபோர்டு மாதிரி ஆணி அடித்து நிற்காது. சீவாளிக்கு சீவாளி மாறும், ஈரத்துக்கு மாறும், வாசிக்க வாசிக்க ஏறும். பையனிடம் கேட்டேன். வாத்தியத்தில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்த நாலைந்து சீவாளிகளில் ஒன்றைத் தொட்டுக்காட்டி, "இதைப் போட்டா சரியா நிக்கும் டீச்சர், மீதியை ஊதுறதுல பாத்துக்கலாம்" என்றான். மேடைக்கு வருமுன் கால் மணி நேரம் அவனுக்கு வாசித்துச் சூடாக்க ஒரு அறை கொடுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா அவனுடைய சட்சமத்தைக் கேட்டு நூல் அளவு இறங்குவதோ ஏறுவதோ பெரிய காரியம் இல்லை. வாய்ப்பாட்டுக்குப் பக்கம் வாசிக்கும்போது தினமும் அதைத்தானே செய்கிறோம். கீபோர்டுக்கு மட்டும் அந்த உருப்படியில் ஓய்வு கொடுங்கள். அழாது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பேச்சில் பத்து நிமிடத்தைக் குறையுங்கள். புல்லாங்குழலுக்கு நாலு, நாயனத்துக்கு ஆறு. மங்கள இசைக்கு யார் என்று அடுத்து கேட்பீர்கள். கார் வரும்போது ஆர்க்கெஸ்ட்ராவில் யாராவது வாசலில் நின்று வயலின் வாசிக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கூப்பிட்டால் நானே வந்து நிற்கிறேன்.

பையன் இரண்டாம் ஆண்டுதான், அடுத்த மாசியிலும் இருப்பான். நோட்டுஸ்வரத்துக்கு வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த பார்ட்டுகளை வைகாசிக்குள் எழுதித் தருகிறேன், நகல் எடுக்கிற செலவும் என்னுடையது. ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியும். சனிக்கிழமை வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது.

தேதி குறிக்கும்போது மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பாருங்கள். அதற்கு முந்தின நாளும் முகூர்த்தம் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, உதடு ஆறும்.

இப்படிக்கு,
இரண்டாம் வயலின், கடைசி நாற்காலி
கும்பகோணம்