வயசு என்று சொல்லும் முன் தைராய்டுக்கு ஒரு டிஎஸ்எச் பாருங்கள்

குமரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 63 வயது. குலசேகரம் பக்கம் வீடு. ரப்பர் ஷீட் கணக்கை ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் மனதிலேயே வைத்திருந்தவர். போன வருடம் ஒருநாள் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், கத்தியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னம்மா என்றேன். "அடுத்து என்ன செய்யணும்னு தெரியல மக்களே" என்றார், கட்டிப்போன குரலில், இழுத்து இழுத்து. சித்திரை வெயிலில் போர்வை கேட்டார்.

காட்டிய ஓரிடத்தில் வயசு என்றார்கள். இன்னோரிடத்தில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் இப்படியே போனது, அதற்குள் பிள்ளைகள் நாங்களே எத்தனை முறை சோம்பல் என்று ஏசியிருப்போம், நினைத்தால் நெஞ்சு வேகிறது. கடைசியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்தான் டிஎஸ்எச், சுரப்பி மந்தமானால் அது ஏறும். நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய அது 60-ஐத் தாண்டியிருந்தது.

தைராய்டு என்றால் கழுத்து வீங்கும், உடம்பு போடும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த டாக்டரம்மா சொல்லித்தான் மூளைச் சங்கதி புரிந்தது. சுரப்பி பெரும்பாலும் கொடுப்பது நான்கு அயோடின் கொண்ட டி4 என்ற ஹார்மோன். மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் அதில் ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகின்றன, அந்த டி3 நரம்பு செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை வேலை செய்ய வைக்கிறது. இந்த வரவு குறைந்தால் ஞாபகம், கவனம், பேச்சு, உற்சாகம் எல்லாமே மந்தமாகும். கூடினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. மெலிவதற்காக அடுத்தவர் தைராய்டு மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, தயவுசெய்து அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை தொடங்கியும் முதலில் பெரிய மாற்றமில்லை. பால் சாயாவோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டிருக்கிறார்! வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், கால்சியத்துக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சரிசெய்த பிறகு மெல்ல மெல்லத் தேறினார். இப்போது ஷீட் கணக்கு திரும்பிவிட்டது. ஆனால் பேத்திக்குக் கோவிலில் முதல்முறை நன்மை கொடுக்கும் புதுநன்மை விழா அந்த எட்டு மாதத்துக்குள்தான் நடந்தது, படத்தைக் காட்டினால்தான் "நானும் வந்தேனா?" என்கிறார்.

எல்லா மறதியும் தைராய்டு இல்லை, தெரியும். ஆனால் இது மாத்திரையில் தேறக்கூடிய மறதி, அதனால்தான் கேட்கிறேன். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று சுகாதாரத் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். அந்தப் பெண்களிடமே இன்னும் நாலு கேள்வி கொடுத்து அனுப்புங்கள்: மறதி உண்டா, குளிர் தாங்கவில்லையா, குரல் மாறியதா, மலச்சிக்கலா. ஆமாம் என்று சொல்கிறவருக்கு ஓபி சீட்டிலேயே டிஎஸ்எச் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மகள்