வினைவகையைச் சமன்பாடு சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதிவினை வேகவியல் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், மாணவர்களிடம் தொடரும் ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். சமன்செய்த சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் 2 என்று இருந்தால், வினையின் வேகம் பொருள்களின் செறிவை எப்படிச் சார்ந்துள்ளது என்று சொல்லும் வினைவேக விதியிலும் அதன் செறிவுக்கு 2 என்ற அடுக்கையே எழுதிவிடுகிறார்கள். ஒரே படியில் நிகழும் அடிப்படை வினைக்கு மட்டுமே இது உறுதியாகப் பொருந்தும். மற்றவற்றின் வினைவகையை, அதாவது வினைவேக விதியில் வரும் செறிவு அடுக்குகளின் கூடுதலை, சோதனையால்தான் அறிய முடியும்.

நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரியும்போது, சமன்பாட்டில் இரண்டுக்கும் ஒவ்வொரு மூலக்கூறுதான். ஆனால் ஏறத்தாழ 225 டிகிரி செல்சியசுக்குக் கீழே, வினைவேகம் முன்னதன் செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பின்னதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறுவதில்லை. நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகள் இரண்டு மோதிக்கொள்ளும் மெதுவான முதல் படியே வேகத்தைத் தீர்மானிப்பதும், கார்பன் மோனாக்சைடு அதற்குப் பிறகே வினையில் நுழைவதுமே காரணம். டிக்கெட் கொடுப்பவர் மெதுவானவராக இருந்தால், வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பவர்கள் எத்தனை பேர் நின்றும் பயனில்லை என்று வகுப்பில் சொல்வேன்.

டைநைட்ரஜன் பென்டாக்சைடின் சிதைவோ இதற்கு நேரெதிர். சமன்பாட்டில் 2 இருந்தும் அது முதல்வகை வினை, அதாவது செறிவின் அடுக்கு 1 தான். ஆகவே தொடக்கச் செறிவு எதுவாயினும், மாறாத வெப்பநிலையில் அதன் அரைவாழ்காலம் (செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒன்றே.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன், வெவ்வேறு செறிவுகளில் வினையின் தொடக்க வேகத்தைக் காட்டும் அட்டவணை ஒன்றைக் கொடுத்து, செறிவை இருமடங்காக்கினால் வேகம் எத்தனை மடங்காகிறது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.